கிணற்றைத் தூர்த்த வருஷம்

பல வருஷம் காத்திருந்த பிறகு நான் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்த காலம் அது. என் வாய்க்கு ஒன்றுமே பிடிக்கவில்லை. மீன் ஆணம் மண் மாதிரி இருந்தது. பாண் துண்டு புளித்தது. காலைத் தேத்தண்ணீர் உப்புக் கரித்தது. பிள்ளை உண்டானால் வாய் அப்படித்தான் கெட்டுப்போகும் என்று உம்மா சொல்லியிருந்தபடியால் நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. இன்னொரு கரண்டி சீனி போட்டுக் குடித்துக்கொண்டேன்.

என் கணவருக்கும் அதே தேத்தண்ணீரைத்தான் கொடுத்தேன். அவர் என் மாமியின் மகன். சிறு வயதிலிருந்து மச்சான் என்று கூப்பிட்டுப் பழகியது, கலியாணத்துக்குப் பிறகும் அப்படியே நின்றுவிட்டது. கோப்பையை வாங்கி, வாசல்படியில் இருந்து, அடிவரை குடித்துவிட்டுத் தோட்டத்துக்கு இறங்குவார். ஒரு சொல் குறையாகச் சொல்லமாட்டார்.

ஒருநாள் அடுத்த காணிக்காரி வந்தார். நான் அவரை ராத்தா என்று கூப்பிடுவேன். சிறு பிள்ளையாக இருந்தபோது யுத்தத்தில் வடக்கிலிருந்து குடும்பத்தோடு வெளியேறி வந்து, கரைத்தீவுப் பக்கம் தென்னோலைக் கிடுகுக் கொட்டிலில் வளர்ந்தவர். அவருடைய கணவர் மரக்கறி லொறி ஓட்டுகிறவர். கிழமையில் பாதி நாள் தம்புள்ளைச் சந்தையிலேயே போய்விடும். அதனால் குத்தகைக்கு எடுத்த அந்தக் காணியை ராத்தாதான் பார்த்துவந்தார். மண்வெட்டி பிடிக்கிற கையோடு வந்து, கழுவிவிட்டுக் கதிரையில் இருந்தார். நான் தேத்தண்ணீர் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"தங்கச்சி, உங்கட கிணறும் உப்பாப் போச்சா?"

"உப்பா? எனக்கு வாய் சரியில்லண்டெல்லா நெனச்சிட்டிருக்கேன்" என்றேன்.

வாசலில் குந்தியிருந்து ஓட்டைக் குழாய்க்கு ரப்பர் சுற்றிக்கொண்டிருந்த மச்சான் தலையைத் தூக்கினார். "நீ மறந்து சீனிக்குப் பதிலா உப்பப் போடுறாய் எண்டு நான் நெனச்சேன்."

"ஒவ்வொரு நாளுமா? அப்ப ஏன் சொல்லல்ல?"

"சொன்னா மனசு நோவாய். இந்த நேரத்துல என்னத்துக்கு?"

ராத்தா சிரிக்கத் தொடங்கினார். முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மச்சான் வெட்கப்பட்டுக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு அடங்கியதும் எழுந்து கிணற்றடிக்குப் போனார். ஒரு வாளி அள்ளி, கையில் ஏந்திக் குடித்துப் பார்த்தார். பிறகு வாளியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றார். பின்னாலிருந்து பார்க்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது.

எங்கள் காணி மாம்புரியில், ரோட்டிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் இருக்கிறது. வாசலில் நின்றால் கடல் இரைவது கேட்கும். ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போனால் களப்பு. இரண்டு பக்கமும் உப்புத் தண்ணீர், நடுவில் மணல். மழை பெய்து அந்த மணலுக்குள் இறங்குகிற தண்ணீரைத்தான் குடித்தோம், சமைத்தோம், சின்ன வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இறைத்தோம். கடலுக்கு இவ்வளவு கிட்ட நல்ல தண்ணீர் எப்படி நிற்கிறது என்று புத்தளம் டவுனில் பிறந்த நான் கலியாணமாகி வந்த புதிதில் ஒருமுறை கேட்டேன். "அது அப்படித்தான்" என்றார் மச்சான். அதற்கு மேல் நானும் யோசிக்கவில்லை.

முந்தின மாரியில் மழை வந்து வந்து போய்விட்டது. மேகம் கறுத்துக்கொண்டு வரும், காற்று அடிக்கும், நாலு துளி விழும். சித்திரையிலும் அப்படித்தான். வெயில் மட்டும் குறைவில்லாமல் அடித்தது. மணல் சூடேறி, செருப்பில்லாமல் பாத்திக்குள் நிற்க முடியாது. ஈரம் காய்கிறதே என்று எல்லோரும் கூடுதலாக இறைத்தார்கள். விடிந்தால் நாலு பக்கமும் பம்ப் சத்தம். நாங்களும் அப்படித்தான் செய்தோம். வெங்காயத் தாளின் நுனி கருகத் தொடங்கியபோது, வெயிலில் கருகுகிறது என்று நினைத்து இன்னும் கூட இறைத்தோம்.

கிணற்றை ஆழமாக்கினால் நல்ல தண்ணீர் வரும் என்றார் மச்சான். கேட்டவர்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள். ராத்தாவும் வேலியில் நின்று, "வெட்டிப் பாருங்க தம்பி. உங்களுக்கு நல்ல தண்ணி வந்தா நானும் வெட்டுவன்" என்றார். எத்தாளையிலிருந்து கிணறு வெட்டுகிற இரண்டு பேர் வந்தார்கள். மணலை அள்ள அள்ளச் சுற்றியும் இடிந்து விழுந்தது. ஒருமாதிரி இரண்டு கொங்கிரீட் வளையங்களைப் புதிதாக இறக்கிவிட்டார்கள். தண்ணீர் குமிழியிட்டுக்கொண்டு ஏறியது. வெட்டியவர்களுக்குச் சோறும் மீனும் கொடுத்து அனுப்பினோம். அன்றைக்கு அந்தத் தண்ணீர் பரவாயில்லாமல் இருந்தது. மச்சானுடைய முகத்தில் பல நாளைக்குப் பிறகு ஒரு வெளிச்சம். பின்னேரம் வரை பம்ப் ஓடியது.

அடுத்த கிழமைக்குள் எல்லாம் தெரிந்துவிட்டது. துணி தோய்த்தால் சவர்க்காரம் நுரைக்கவில்லை. கையில் வழுக்கிக்கொண்டே இருந்தது. தண்ணீர் தூவுகிற ஸ்பிரிங்க்ளர் வாயில் வெள்ளையாகப் படிந்தது, கறுப்புக் குழாயிலும் படிந்தது. மிளகாய்ச் செடிகள் முதலில் இலையைச் சுருட்டிக்கொண்டன. பிறகு ஒவ்வொன்றாக உதிர்த்தன. பிஞ்சு பிடித்த செடிகள், இலையில்லாமல் பிஞ்சோடு நின்றன. அதைப் பார்ப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் போகாமலே இருந்தேன்.

ராத்தா ஒரு போத்தலில் தண்ணீர் கொண்டுவந்தார். முன்பு அவருடைய கிணறு இலேசாகத்தான் கரித்தது. எங்கள் கிணற்றுக்கும் அதற்கும் ஒரு வேலிதான் இடைவெளி. போத்தலை மச்சானிடம் நீட்டினார். அவர் குடித்துப் பார்த்து, அதை மூடித் திரும்பக் கொடுத்தார்.

"ராத்தா, நான் வெட்டினதாலதான் உங்கட கிணறும் இப்படியாப் போச்சு."

"நீங்க வெட்டாட்டி நான் வெட்டியிருப்பன். பிறகு நீங்க போத்தலோட என்ட வாசல்ல வந்து நிண்டிருப்பீங்க" என்றார் ராத்தா. "இதுக்குள்ள உங்கட உப்பு, என்ட உப்பு எண்டு என்ன இருக்கு தம்பி? கீழ எல்லாம் ஒண்டுதானே."

அவர் கோபப்பட்டிருந்தால் மச்சானுக்குச் சுகமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அவர் போன பிறகு மச்சான் பாத்திக்குள் இறங்கி, செத்த மிளகாய்ச் செடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி வரம்பில் அடுக்கினார். பிடுங்கி எறியலாம். அவர் அடுக்கினார்.

அடுத்த நாள் சாப்பாட்டுக்கு இருந்தபோது, "நான் திரும்பக் கட்டாருக்குப் போறேன் புள்ள" என்றார். கலியாணத்துக்கு முன்பு அங்கே கட்டட வேலை செய்தவர். அங்கிருந்து வரும்போது, இனி ஒருநாளும் போகமாட்டேன் என்று சொல்லிக்கொண்டு வந்தவர். நான் அவருடைய தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு, "சாப்பிடுங்க" என்று மட்டும் சொன்னேன். கேட்டிருந்தால் அழுதிருப்பேன்.

மகள் மாரியில் பிறந்தாள். அந்த வருஷம் மழை பரவாயில்லை. நான் புத்தளத்தில் உம்மா வீட்டில் இருந்தேன். மச்சான் மூன்று நாளைக்கு ஒருமுறை பஸ்ஸில் வருவார். பிள்ளையைத் தூக்கப் பயந்து, பக்கத்தில் இருந்து அவளுடைய விரலைத் தன் விரலால் தொட்டுக்கொண்டிருப்பார். அவருடைய கை சொரசொரப்பு என்று அவருக்கே தெரியும். கட்டார் ஏஜென்ட் விசா வரும், வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

பிள்ளை பெற்ற நாற்பது நாள் முடிந்து நான் மாம்புரிக்குத் திரும்பியபோது நாட்டில் ஒன்றும் கிடைக்கவில்லை. உரம் இல்லை. பம்புக்கு ஊற்ற மண்ணெண்ணெய் இல்லை. ஆண்கள் கானோடு வரிசையில் நின்று, சிலநேரம் வெறும் கானோடு வந்தார்கள். ஊர் முழுவதும் பம்ப் சத்தம் நின்றுபோயிருந்தது. விடிய எழும்பினால் கடல் சத்தமும் காகமும்தான். எங்கள் பம்பைச் சாக்கால் மூடிக் கட்டி வைத்திருந்தார் மச்சான்.

சும்மா இருக்க முடியாமல், வீட்டுக்குக் கிட்ட இரண்டே இரண்டு பாத்தி போட்டோம். வாளியால் அள்ளி, பூவாளியால் ஊற்றக்கூடிய அளவு. அதுவும் மணலில் ஊற்றிய கையோடு காய்ந்துவிடும். தென்னந்தோட்டக்காரர்கள் மரத்தைச் சுற்றிக் குழி வெட்டி, தேங்காய் உரித்த மட்டை புதைப்பதை இந்தப் பக்கத்தில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மட்டை நனைந்தால் பல நாளைக்கு ஈரம் விடாது. அதை வெங்காயப் பாத்திக்கு அடியில் புதைத்தால் என்ன என்று நான்தான் கேட்டேன். மச்சான் சிரித்தார். ராத்தா வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "கேக்கிறதுல என்ன பிழை? உரமில்ல, எண்ணெயில்ல, மட்டையாவது கிடக்குதே" என்றார். பிறகு இரண்டு வீட்டாரும் சேர்ந்து செய்தோம். ராத்தா மட்டைகளைக் கவிழ்த்து அடுக்கினார். அவை குழிந்த பக்கம் மேலே இருக்கவேண்டும் என்று மச்சான் எல்லாவற்றையும் திருப்பி வைத்தார். அதன் மேல் ஆட்டுப் பிழுக்கை, கிளிசரிடியா இலை, பிறகு மணல். பிள்ளையை முருங்கை மர நிழலில் ஏணையில் போட்டுவிட்டு நான் இலை உருவிக் கொடுத்தேன்.

வெங்காயம் முளைத்தது. நுனி அவ்வளவாகக் கருகவில்லை.

ஒருநாள் காலை பிள்ளையின் துணிகளைத் தோய்த்துக்கொண்டிருந்தேன். அந்த நாட்களில் அது முடியாத வேலை. எதையோ யோசித்துக்கொண்டு கசக்கியவள், கையைப் பார்த்தேன். முழங்கை வரை நுரை. இன்னொரு முறை சவர்க்காரத்தைத் தேய்த்துப் பார்த்தேன். பிறகு, "மச்சான், இங்க வாங்க" என்று கூப்பிட்டேன். பிள்ளைக்கு என்னவோ என்று நினைத்து ஓடிவந்தார்.

"நுரை வருது" என்றேன்.

அவர் முகத்தில் பயம் போகவில்லை. "என்ன?"

"சவர்க்காரம் நுரைக்குது. பாருங்க."

வாளியை இறக்கி அள்ளிக் குடித்தார். இன்னொரு முறை குடித்தார். "கரிக்குது. ஆனா முந்தின மாதிரி இல்ல" என்றார். வேலிக்குப் போய் ராத்தாவைக் கூப்பிட்டு, அவருடைய கிணற்றிலும் அள்ளிக் குடித்துப் பார்த்தார். அங்கேயும் குறைந்திருந்தது.

கொஞ்ச நாள் கழித்து விவசாயப் போதனாசிரியை ஒருவர் எங்கள் பக்கம் வந்தார். சிங்களப் பெண். சிலாபத்தில் வளர்ந்தவர் என்பதால் தமிழ் நன்றாகவே கதைத்தார். பேனா மாதிரி ஒரு கருவியைத் தண்ணீரில் வைத்துப் பார்த்தார். பம்பை எப்போது நிறுத்தினீர்கள் என்று கேட்டார்.

"நாங்க நிறுத்தல்ல மிஸ், எண்ணெய் இல்லாமப் போச்சு" என்றார் மச்சான்.

மிஸ் சிரித்துவிட்டு மணலில் குந்தியிருந்து, ஈர்க்குச்சியால் கீறிக் காட்டினார். "மழைத் தண்ணி மேல நிக்குது. பாரம் குறைவு. உப்புத் தண்ணி கீழ. நீங்க பம்பால வேகமா இழுத்தா மேல உள்ளது குறையும், கீழ உள்ளது அந்த இடத்துக்கு ஏறி வரும். கிணறு ஆழமெண்டா இன்னும் லேசா வரும். வாளியால கொஞ்சம் கொஞ்சமா எடுத்தீங்க. அதோட மழையும் பெஞ்சது. அதுதான் இறங்கியிருக்கு."

மச்சான் அந்தக் கீறலையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நான் வெட்டினத என்ன செய்ற?"

"தூர்த்தா நல்லம்" என்றார் மிஸ். அதைச் சொல்ல அவருக்கும் கஷ்டமாக இருந்தது என்பது அவர் குரலில் தெரிந்தது.

ராத்தாவின் கணவர் வீட்டில் நின்ற ஒரு நாளில், புதிதாக வெட்டிய ஆழத்தை மட்டும் தூர்த்தார்கள். மச்சான் உள்ளே இறங்கிவிட்டார். மேலிருந்து ராத்தாவின் கணவர் கல்லும் மணலும் தாச்சிச் சட்டியில் போட்டுக் கயிறு கட்டி இறக்கினார். ஒழுங்கையால் போன ஒருவர் எட்டிப் பார்த்து, "கிணறு வெட்டுறத பாத்திருக்கேன், வெட்டின கிணத்த மூடுறத இப்பதான் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். உள்ளே இருந்தவருக்கு அது கேட்டிருக்கும். நான் பிள்ளையோடு தென்னை மரத்தடியில் இருந்தேன். இறக்கிய தாச்சி திரும்ப மேலே வராதபோது எழுந்து போய் எட்டிப் பார்த்தேன். இடுப்பளவு தண்ணீரில், தாச்சியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன மச்சான்?"

"ஒண்டுமில்ல. களைப்பு" என்றார். பிறகு, "அந்தப் பக்கம் நில்லு, மணல் சரியும். புள்ளயோட நிக்கிறாய்" என்றார்.

அவர் மேலே வந்தபோது கண் சிவந்திருந்தது. மணல் பட்டது என்றார். நானும் மணல் என்றே வைத்துக்கொண்டேன். முகம் துடைக்கத் துவாயைக் கொடுத்தேன்.

விசா அதற்குப் பிறகுதான் வந்தது. போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தார். மகள் என் மடியில் கிடந்தாள்.

"வந்திருக்கு. நீ என்ன சொல்றாய்?"

நான் பல மாதமாக அந்தக் கேள்விக்குப் பதில் தேடிவைத்திருந்தேன். கேட்டபோது சொன்னது வேறு. "போங்கண்டும் சொல்லமாட்டேன். நிண்டா கஷ்டம் வராதெண்டும் சொல்லமாட்டேன். இவ இப்பதான் உங்கட குரலுக்குத் தலையத் திருப்புறா. அது மட்டும்தான் எனக்குத் தெரியும்."

அவர் அவளைக் கூப்பிட்டுப் பார்த்தார். அவள் திரும்பவில்லை; என் முக்காட்டு நுனியைச் சப்பிக்கொண்டிருந்தாள். இன்னொரு முறை கூப்பிட்டார். திரும்பினாள். அடுத்த நாள், போகவில்லை என்று ஏஜென்டுக்குச் சொல்லிவிட்டார். அதன் பிறகு இரண்டு மூன்று நாள் வேலிக் கம்புகளை எல்லாம் பிடுங்கித் திரும்ப நட்டுக்கொண்டிருந்தார். நின்றதற்காக அவர் சந்தோஷப்பட்டார் என்று நான் எழுதினால் அது பொய். அவருடைய தம்பி அந்த வருஷமே போனார். இப்போதும் அங்கேதான் இருக்கிறார். பெருநாளுக்குப் பேரீச்சம்பழம் அனுப்புவார். மச்சான் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்கு இறங்கிவிடுவார்.

இப்போது காணியில் பாதிக்குத் தென்னையும் முருங்கையும் நிற்கின்றன. மற்றப் பாதியில்தான் மரக்கறி. மட்டை புதைக்காத பாத்தியே இல்லை. மண்ணெண்ணெய் திரும்ப வந்தபோது பம்ப் சத்தமும் திரும்ப வந்தது. எங்களுக்கும் கை துருதுருத்தது. சின்னப் பம்பாக மாற்றி, கொஞ்ச நேரம்தான் இறைக்கிறோம். நாங்கள் இறைக்கிற நேரம் ராத்தா இறைப்பதில்லை, அவர் இறைக்கிற நேரம் நாங்கள் இறைப்பதில்லை. கிணறு முழுக்கச் சுகமாகிவிடவில்லை. வெயில் முற்றுகிற மாதங்களில் கரிக்கத்தான் செய்கிறது. அப்போது குடிக்கக் கடையில் பில்டர் தண்ணீர் வாங்குகிறோம், வெங்காயம் நடாமல் விடுகிறோம். சுற்றியுள்ளவர்களில் சிலர் வந்து மட்டைப் பாத்தியைப் பார்த்துவிட்டுப் போய் அப்படிச் செய்தார்கள். சிலர் இன்னும் ஆழமாக வெட்டினார்கள். மச்சான் தன் கதையைச் சொல்லிப் பார்த்தார். கேட்டுவிட்டு வெட்டினார்கள். அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அந்தப் போகத்தை விட முடியாது.

போன மாரியில் மழை வேறுவிதமாக வந்தது. ஒரு மாரிக்குப் பெய்யவேண்டியது நாலைந்து நாளில் கொட்டியது. பாத்தியெல்லாம் குளம். அக்கம்பக்கத்தார் வாய்க்கால் வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விட்டார்கள். நாங்களும் வெட்டினால் நட்டிருந்த வெங்காயம் பிழைக்கும். மச்சான் மண்வெட்டியோடு வரம்பில் நனைந்துகொண்டு நின்றார். ராத்தாவும் ஒரு பொலித்தீன் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தார்.

"வெட்டப் போறீங்களா தம்பி?"

"வெட்டினா வெங்காயம் நிக்கும். விட்டா தண்ணி கீழ இறங்கும்" என்றார் மச்சான். "உங்கட பக்கமும் நட்டிருக்கீங்க. நீங்க சொல்லுங்க."

ராத்தா தன் பாத்திகளைத் திரும்பிப் பார்த்தார். "இவ்வளவு தண்ணிய கடலுக்குக் குடுக்க எனக்கு மனசில்ல" என்றார்.

இரண்டு காணிக்கும் நடுவிலிருந்த வரம்பைத்தான் வெட்டினார்கள். ராத்தாவின் பக்கத்துத் தண்ணீர் எங்கள் தென்னைகளுக்குள் இரைந்துகொண்டு ஓடிவந்து, மரத்தைச் சுற்றி நின்றது. கடலுக்குப் போகும் வழியைச் சாக்கில் மணல் நிரப்பி அடைத்தார்கள். மகள் முழங்கால் தண்ணீரில் நின்று, மிதந்துவந்த குரும்பைகளைப் பொறுக்கினாள். நான் வைதேன். அவள் காதில் விழவில்லை.

மழை விட்டதும் எல்லோரும் சேர்ந்து, அழுகுமுன்னே வெங்காயத்தைத் தாளோடு பிடுங்கினோம். முற்றாத சின்னச் சின்ன வெங்காயம், மணியளவுதான் இருந்தது. பாதியை ராத்தாவின் கணவர் லொறியில் போட்டுக்கொண்டு போனார். மீதியை நான் தாளோடு அரிந்து, நெத்திலிக் கருவாடு போட்டு வதக்கினேன். ராத்தா பக்கத்தில் இருந்து தேங்காய் துருவினார். ஈர உடுப்போடேயே எல்லோரும் அடுப்படியில் இருந்து சாப்பிட்டோம்.

"இந்தப் போகம் போச்சு" என்றார் மச்சான், சோற்றைப் பிசைந்துகொண்டே.

"போகட்டும்" என்றேன் நான். "இன்னும் கொஞ்சம் போடவா?"

தட்டை நீட்டினார். மகளும் தன்னுடையதை நீட்டினாள்.